அகரவரிசைக்கு அஞ்சும் பள்ளிகள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு, தமிழ்நாட்டின் எத்தனையோ தனியார் பள்ளிகளிலிருந்து பெற்றோரின் கைபேசிக்கு ஒரே மாதிரியான செய்தி வருகிறது. மதிப்பெண் அடிப்படையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் புதிய பிரிவுகளுக்கு மாற்றப்படுகிறார்கள். மாணவர் நலன் கருதியே இந்த ஏற்பாடு. பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும். இந்த ஆண்டும் வந்தது. ஜூன் மாதத்திலிருந்து பெயரின் அகரவரிசையில் கலந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அறை மாறினார்கள். நிறைய மதிப்பெண் வாங்கியவர்கள் ‘ஏ’ செக்‌ஷன். நடுவில் நிற்பவர்கள் ‘பி’. தட்டுத்தடுமாறித் தேறியவர்களும் தேறாதவர்களும் ‘சி’, ‘டி’.

‘ஏ’ கிடைத்த வீட்டில் மகிழ்ச்சி. ‘டி’ கிடைத்த பிள்ளையின் அப்பா மறுநாளே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் நிற்கிறார். “அடுத்த பரீட்சையில ஏத்திருவான் சார், ஒரு சான்ஸ் குடுங்க” என்று கெஞ்சுகிறார். பதினான்கு வயதுப் பிள்ளைகளை மதிப்பெண்ணால் சலித்துப் பிரிக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்பதில்லை. ‘ஏ’ கிடைத்த வீட்டாரும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம், பிரிப்பது சரிதான் என்று இரு வீட்டாருமே நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையைப் பெற்றோர் கூட்டங்களில் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் சொல்கிறார்கள்: “நல்லாப் படிக்கிற பிள்ளைய சுமாராப் படிக்கிற பிள்ளைகளோட உட்கார வெச்சா, அதுவும் கெட்டுப்போகும்.” தமிழ்நாட்டுக் கல்வியில் இதைவிடப் பரவலான மூடநம்பிக்கை வேறு இல்லை. பூனை குறுக்கே போனால் ஆகாது என்பவரைப் பார்த்துச் சிரிக்கும் படித்த குடும்பங்கள், மதிப்பெண் குறைந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் ஆகாது என்பதை அறிவியல் உண்மைபோலப் பேசுகின்றன. முட்டாள்தனம் காய்ச்சலைப் போலப் பக்கத்து பெஞ்சுக்குத் தொற்றும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

ஆதாரம் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை, டெல்லிக்குப் போனால் போதும்.

டெல்லியின் பெரும் பணக்காரப் பள்ளிகள் பல, அரசு நிலத்தைச் சலுகை விலையில் வாங்கியவை. ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் தருவோம் என்பது அந்தச் சலுகைக்கான நிபந்தனை. நிலத்தை வாங்கிக்கொண்டார்கள், நிபந்தனையைக் கிடப்பில் போட்டார்கள். வழக்கு நடந்து நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2007-ல் நலிந்த பிரிவுப் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளில் நுழைந்தார்கள். ஓட்டுநரின் மகளும் தொழிலதிபரின் மகனும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். தரம் சரியும், ஒழுக்கம் கெடும் என்று அன்று டெல்லியில் எழுந்த கூக்குரல் இன்று நம் பெற்றோர் கூட்டங்களில் கேட்பதேதான்.

கவுதம் ராவ் என்ற பொருளியலாளர் அந்தப் பள்ளிகளுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தார். ஒரே பள்ளியில், ஏழைப் பிள்ளைகள் சேர்ந்த வகுப்புகளையும் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டதால் அவர்கள் இல்லாத வகுப்புகளையும் ஒப்பிட்டார். அவருடைய ஆய்வு 2019-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. வசதியான பிள்ளைகளின் இந்தி மதிப்பெண் சரியவில்லை; கணக்கு மதிப்பெண்ணும் சரியவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. வீட்டில் ஆங்கிலமே பேசாத பிள்ளைகள் வகுப்புக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அது எதிர்பார்க்கத் தக்கதுதான். கூக்குரலிட்டவர்கள் சொன்ன பேரழிவு எங்கும் நடக்கவில்லை.

அந்த ஆய்வில் ஓர் ஓட்டப்பந்தயம் வருகிறது. ஒவ்வொரு பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் மைக் பிடித்துச் சொல்லவேண்டிய கதை அது. பிள்ளைகளுக்கு முன்னால் சிலரை ஓடவிட்டார்கள். வசதியான பள்ளி மாணவரும் ஓடினார்கள், அரசுப் பள்ளியின் ஏழை மாணவரும் ஓடினார்கள். யார் வேகம், யார் மந்தம் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்று. அடுத்தது தொடர் ஓட்டம். வென்றால் பணப் பரிசு. உன் கூட்டாளியாக யார் வேண்டும் என்று வசதியான பிள்ளைகளிடம் கேட்டார்கள். வேகமாக ஓடிய ஏழைப் பையனா, பின்தங்கிய பணக்காரப் பையனா?

பரிசுத் தொகை பெரிதாக இருந்தபோது அநேகமாக எல்லோரும் வேகமானவனைத்தான் எடுத்தார்கள். தொகை சிறுத்தபோது, தோற்றாலும் பரவாயில்லை, நம்மைப் போன்றவனே போதும் என்று தேர்ந்தெடுத்தவர்கள் கூடினார்கள். பந்தயத்தில் வெல்வதற்காக வந்த பிள்ளை, ஏழையோடு சேரக்கூடாது என்பதற்காகத் தோல்வியை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது! ஆனால் ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்துவந்தவர்களிடம் இந்த விலக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர்கள் வேகத்தைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்க்கவில்லை. மற்ற சோதனைகளிலும் அவர்களே தாராளமாகக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளோடு விளையாட அவர்களே தயங்காமல் வந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அந்தப் பள்ளிகளில் சில, படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தன. யார் யாரோடு சேர்வது என்பதை ஆசிரியரின் விருப்பமோ அப்பாவின் செல்வாக்கோ முடிவுசெய்யவில்லை, பெயரின் முதலெழுத்து முடிவுசெய்தது. அப்படி ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் நன்றாகவே தெரிந்தது. நீதிமன்றம் ஒரே வகுப்பறைக்குள் கொண்டுவந்து விட்டது; அகரவரிசை ஒரே பாயில் உட்கார வைத்தது. ஜூன் மாதம் அகரவரிசையில் உட்காரவைத்து, அக்டோபரில் அதைக் கலைத்துப் போடும் நம் பள்ளிகள் எதைக் கலைக்கின்றன என்பது இப்போது புரிய வேண்டும்.

‘ஏ’ செக்‌ஷன் பிள்ளைக்கு அங்கே கிடைப்பதென்ன? தன்னைப்போலவே மனப்பாடம் செய்யத் தெரிந்த நாற்பது பேர். அவன் யாருக்கும் எதையும் விளக்கவேண்டிய தேவையே வராது. தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்பது தெரியவரும் என்று எந்த அனுபவமுள்ள ஆசிரியரும் சொல்வார். எதிரெண்ணோடு எதிரெண்ணைப் பெருக்கினால் ஏன் நேரெண் வருகிறது என்று பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டால், முதல் மதிப்பெண் வாங்குகிறவன் திணறுவான். அந்தத் திணறலில்தான் கணக்கு பிடிபடும். ‘ஏ’ செக்‌ஷனில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உண்டு.

‘டி’ செக்‌ஷனின் நிலைமை இன்னும் கொடுமை. பள்ளியின் மிக நல்ல கணக்காசிரியரை ‘ஏ’-வுக்குப் போடுவார்கள். சென்டம் எடுத்துத் தரவேண்டிய வகுப்பு அது. ‘டி’-க்குப் போகிறவர் போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர், அல்லது அடுத்த மாதம் வேலையை விடப்போகிறவர். எந்தப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் மிக அவசரமாகத் தேவையோ, அந்தப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடையாது. மருத்துவமனையில் இப்படி நடந்தால் வழக்குப் போடுவோம். பள்ளியில் நடந்தால் கட்டணம் கட்டிவிட்டு வருகிறோம். ‘டி’ பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று ஆண்டு முடிவில் மதிப்பெண் பட்டியலைக் காட்டிப் பள்ளி சொல்லும்போது, பார்த்தீர்களா, பிரித்தது சரிதானே என்று தலையாட்டுகிறோம். பின்தங்க வைத்தது யார்?

பிரிக்காமலே பாடம் நடத்த வழி உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971-ல், நீதிமன்ற உத்தரவால் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே பள்ளிக்குக் கொண்டுவந்தபோது வகுப்பறைகள் சண்டைக்களமாகின. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய் வகுப்புகளைக் கவனித்தார். ஒவ்வொரு பிள்ளையும் கையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் தோற்கக் காத்திருப்பதைக் கண்டார். பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லி அவர் யோசனை தரவில்லை. ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு பையன் திக்கித் திக்கிச் சொல்ல, மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அவனிடம் உள்ள பகுதி நமக்குக் கிடைக்காது என்பது சீக்கிரமே உறைத்தது. பிறகு பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து வரவழைத்தார்கள். அவன் மக்கு இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆரன்சனின் முறை அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுகிறது.

நம் ஊரிலும் செய்து பார்த்திருக்கிறோம். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையைப் பின்பற்றி, 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாயில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கற்றல் ஏணிப்படியில் தாம் நிற்கும் இடத்துக்கான அட்டை. பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கரும்பலகை. கரும்பு வெட்டப் போன பெற்றோரோடு இரண்டு வாரம் போய்விட்டு வந்த குழந்தை, வகுப்பு தன்னை விட்டு எங்கோ போய்விட்டதே என்று விழிக்கவேண்டியதில்லை. விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்துப் பாடம் நடத்தாமல் விளையாட விடுகிறார்கள் என்று சொன்னவர்களும் இதே ‘ஏ’ செக்‌ஷன் பக்தர்கள்தான். குழந்தை பயமில்லாமல் உட்கார்ந்திருந்தால் அது படிப்பில்லை என்பது அவர்களுடைய இலக்கணம்.

கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்களே, அது மட்டும் சரியா என்று சிலர் மடக்குகிறார்கள். வித்தியாசம் தெரியாமல் கேட்கிற கேள்வி. அங்கே அரும்பும் மலரும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் படியில் உதவி வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. இங்கே அறை வேறு, ஆசிரியர் வேறு, மரியாதை வேறு.

2025 ஜூலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுச் சில பள்ளிகள் கடைசி பெஞ்சையே ஒழித்து, சுவரோரமாக மூன்று பக்கமும் இருக்கைகளைப் போட்டன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையும் ‘ப’ வடிவில் இருக்கைகளைப் போடலாம் என்று அறிவுறுத்தியது. கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்று எதிர்ப்பு கிளம்பியது. துறை அதை நிறுத்திவைத்தது. நெரிசலான வகுப்பறையில் அது நடக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வளவு காலம் கடைசி பெஞ்சில் பலகை தெரியாமலும் ஆசிரியரின் குரல் கேட்காமலும் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்காக இதில் ஒரு பங்கு கவலைகூட எழுந்ததில்லையே. முதல் பெஞ்சுப் பிள்ளை கழுத்தைத் திருப்ப நேர்ந்ததும் குழந்தைகளின் உடல்நலம் நம் நினைவுக்கு வந்துவிட்டது.

பிரித்தால்தான் தரம் என்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். பத்து வயதில் பிள்ளைகளைத் தரம்பிரித்து மூன்று வகைப் பள்ளிகளுக்கு அனுப்பிய நாடு அது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பைசா தேர்வு 2000-ல் முதன்முறை நடந்து, முடிவு வந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. சராசரிக்கும் கீழே இருந்தது. அப்பாவின் வேலையைச் சொன்னால் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு ஏற்றத்தாழ்வும் இருந்தது. அதே தேர்வில் வாசிப்பில் முதலிடம் பிடித்த பின்லாந்து, 1970-களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப்பள்ளி முறையைக் கொண்டுவந்து, 1980-களின் நடுவில் கணக்கிலும் மொழிகளிலும் மிஞ்சியிருந்த தரப்பிரிவுகளையும் ஒழித்த நாடு. நம் கதை என்ன? பைசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் வந்த முடிவில், கலந்துகொண்ட எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இந்த இரண்டும் அடிமட்டத்தில் கிடந்தன. சென்டம் கணக்குக் காட்டிய மாநிலத்தின் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, படித்ததை வைத்து யோசிக்கச் சொன்னபோது கைவரவில்லை. அதற்குப் பிறகு வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

டாப்பர் உற்பத்தி என்னும் தொழிலுக்கு இந்த மாநிலம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டு உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்று அழைத்தது; அழைத்துக்கொண்டே நிலத்தை விற்றுப் பிள்ளைகளை அங்கே சேர்த்தது. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கவில்லை. மே மாதம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பேருந்து நிலையத்தில் டாப்பர்களின் முகங்கள் தொங்குகின்றன. ரிசல்ட் சதவீதம் கெட்டுவிடும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் முகம் எந்த பேனரிலும் இல்லை. அவர்களை வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பில் தேற வைத்த பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் பேனர் இல்லை.

சமச்சீர்க் கல்விக்கும் இதே வரவேற்புதான் கிடைத்தது. நான்கு வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கினால் நல்ல பள்ளிகளின் தரம் தாழும் என்றார்கள். புத்தகம் அச்சாகி வந்த பிறகும் 2011-ல் அதை நிறுத்திவைக்க முயன்றது அப்போதைய அரசு. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் போனது. உடனே பல மெட்ரிக் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பலகையை மாட்டிக்கொண்டன. ஏழை வீட்டுப் பிள்ளையும் தம் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படிப்பதைக்கூடப் பொறுக்க முடியாத பெற்றோர் அந்தப் பலகையைத் தேடிப் போனார்கள்.

அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள குழந்தையைக் கூட்டிக்கொண்டு சேர்க்கைக்குப் போகும் தாய்க்கு, பிரித்து வைத்தால்தான் தரம் என்ற இந்த நம்பிக்கை எப்படிக் காட்சி தருகிறது? யாரும் முரட்டுத்தனமாக மறுப்பதில்லை. “எங்ககிட்ட வசதி இல்லம்மா, உங்க குழந்தைக்குத்தான் கஷ்டம், ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க” என்று அக்கறையோடு வாசலுக்கு வழிகாட்டுகிறார்கள். 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியே இடம் என்று அறிவித்தன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தியாவில் அதையே கடமையாக்கியது. சேர்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார வைப்பதற்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயரில்லை. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும், பார்வையற்ற பிள்ளைக்கு பிரெயில் புத்தகம் பள்ளி திறந்த அன்றே வர வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் கழிவறையும் வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து வரும் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தால் இது எப்படி நடக்கும்? இதற்குப் பணம் கேட்டு யாரும் போராடுவதில்லை. அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் தம் பிள்ளையின் கவனம் சிதறும் என்று புகார் சொல்ல மட்டும் வரிசையில் நிற்கிறார்கள். தட்டுத்தடுமாறி நடக்கும் தோழனுக்காக நடையைக் குறைத்துக்கொள்ளக் கற்கும் பிள்ளை எதை இழக்கிறது?

டெல்லிப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம் இங்கே மறுபடியும் நினைவுக்கு வர வேண்டும். தோற்றாலும் சரி, ஏழையோடு ஓடமாட்டேன் என்ற பிள்ளைக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது? எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. யாரோடு உட்கார அனுமதிக்கிறோம், யாரோடு அனுமதிக்க மாட்டோம் என்பதிலிருந்து பிள்ளைகள் அதைத் தாமே படித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் பழையது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பொதுப் பணம் பெற்று நடந்த அந்தத் தேசியப் பள்ளியில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்ப, 1925-ல் தமிழகக் காங்கிரசையே அது உலுக்கியது. அன்று சாப்பாட்டுப் பந்தி, இன்று செக்‌ஷன். பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்ற சமாதானம் மட்டும் நூறு ஆண்டுகளாக மாறவில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், நன்றாகப் படித்துவந்த பட்டியலின மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்பவை செய்திகளில் பெரிதாக வந்தன. அதே அறிக்கை சொன்ன ஒன்று யார் காதிலும் விழவில்லை: வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள். சாதிவெறி அரிவாளாக மாறுவதைத் தடுக்க ஒரு முன்னாள் நீதிபதி பரிந்துரைத்ததும், டெல்லியில் பிள்ளைகளின் மனத்தை மாற்றியதாக ஆய்வு கண்டதும் ஒரே ஏற்பாடுதான். அதைத்தான் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவர் நலன் கருதிக் கலைக்கிறார்கள். மதிப்பெண்ணால் பிரிப்பதும் சாதியால் பிரிப்பதும் ஒன்றா என்று கோபப்படுகிறவர்கள், ‘டி’ செக்‌ஷன் வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒருமுறை விசாரிக்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நான்கில் ஓர் இடம் நலிந்த பிரிவினருக்கு. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை பள்ளி திறந்து மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது; அதற்காக ஊர் பொங்கி எழுந்ததா? இல்லை. சேர்ந்த பிள்ளைகளையும் “ஆர்.டி.இ. பசங்க” என்று தனிப்பெயரிட்டுக் கூப்பிடும் பள்ளிகள் உண்டு. அப்படிச் சேர்ந்தவர்களை வகுப்பறையில் பிரித்து வைக்கக்கூடாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ பாடம் நடத்தக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. மதிப்பெண் என்ற முகமூடியைப் போட்டுக்கொண்டால் விதியை மீறலாம் என்று பள்ளிகள் கண்டுபிடித்திருக்கின்றன.

1964 முதல் 1966 வரை நாடு முழுவதும் சுற்றிய கோத்தாரி கல்விக்குழு, ஒவ்வொரு வட்டாரத்துப் பிள்ளைகளும் ஒரே அருகமைப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றது. ஏழைகளுக்காக மட்டும் அது இதைச் சொல்லவில்லை. பிரித்து வைப்பதால் வசதியான பிள்ளைகளின் கல்வியும் சோகைபிடித்துக் குறைப்பட்டுப் போகிறது என்று அப்போதே எழுதிவைத்தது. அறுபது ஆண்டுகளாக அந்த வரி தூசு படிந்து கிடக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எந்த செக்‌ஷன் என்று கேட்காதீர்கள். ஏன் செக்‌ஷன் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். ‘டி’ செக்‌ஷனுக்குக் கணக்கு எடுப்பவர் யார், அவர் எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவர் என்று எழுத்தில் கேளுங்கள். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று பள்ளி அடம்பிடித்தால், பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரை ‘டி’-க்குப் போடச் சொல்லுங்கள். ‘ஏ’ செக்‌ஷன் பிள்ளையின் பெற்றோர் இந்தக் கேள்விகளை எழுப்பினால் எந்தப் பள்ளி நிர்வாகமும் ஒரு கூட்டத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அவர்கள் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.